டாக்டர் பெண்ணின் குரல்

ஜனவரி 9, வியாழன்
இன்று பன்னிரண்டு காட்சிகள். டிவியில் ஓடும் டப்பிங் தொடரில் வரும் டாக்டர் பெண்ணுக்கு ஆட்டிசம். தமிழில் அவள் குரல் நான்; இது மூன்றாவது வருடம். குரல் கொஞ்சம் ஏறி இறங்கினால் போதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டப்பிங் இயக்குநர் கையை ஆட்டிவிடுவார். "உணர்ச்சியே வேண்டாம்மா. கல்லு பேசற மாதிரி பேசுங்க." மூலத்தில் அந்த நடிகை அப்படிப் பேசவில்லை. நன்றாகவே சிரிக்கிறாள். ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "நம்ம ஜனங்களுக்குப் புரியணுமில்ல?" என்றார்.

சரி. சம்பளம் வாங்குகிறேன், பேசுகிறேன்.

ஜனவரி 21, செவ்வாய்
என் மகள் குருவியின் பள்ளிக்குப் போனேன். அவளுக்கும் ஆட்டிசம்தான் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. எட்டு வயது. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுகிறாள். வகுப்பில் பக்கத்திலேயே ஒரு உதவி ஆசிரியை இருந்தால்தான் படிக்க முடியும். அதற்குத் தலைமையாசிரியை கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருடம் வேறு பள்ளி பார்க்க வேண்டியதுதான்.

தலைமையாசிரியையின் அறைக்குள் நுழைந்ததுமே குருவி ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். லிப்ட் கதவு எத்தனை விநாடியில் மூடும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"டிவில அந்த டாக்டர் பொண்ணைப் பாத்திருப்பீங்களே? முகத்துல ஒரு அசைவு இருக்காது, யார்கிட்டயும் ஒட்ட மாட்டா. அதுதான் ஆட்டிசம். இவளுக்குச் செல்லம் ஜாஸ்தி, அவ்வளவுதான். அடுத்த மாசம் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, பாப்போம்" என்றார்.

மருத்துவர் எழுதிய தாளை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் குரலை அடையாளம் கண்டுவிடுவாரோ என்று பயம். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 22
அக்கா போனில் கத்தினாள். "பேப்பர் கையில இருக்கு, சண்டை போடுடி!" யாருக்கு இருக்கிறது தெம்பு?

பிப்ரவரி 3
ஒன்பது காட்சிகள். எல்லாம் ஒரே டேக். "பிரமாதம்" என்றார் இயக்குநர். நான் எதுவும் செய்யவில்லை. எனக்குள் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 11, செவ்வாய்
பள்ளி விடுமுறை. மத்தியானம் சாப்பாட்டு மேசையில் குருவியை உட்கார வைத்தேன். "ஒரு விளையாட்டு விளையாடலாமா? அம்மா மைக்ல பேசற மாதிரி நீ பேசணும். சிரிச்சா அவுட்டு."

நாலு தடவை அவுட். ஐந்தாவது தடவை பிசகவில்லை. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, அப்படியே என் குரல்.

என்னடி பண்ணிட்டிருக்க நீ? பெத்த பொண்ணுக்கு—

தினமும் அரைமணி நேரம் போதும் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்
கையெழுத்து ஆயிற்று. குருவி நாற்காலியில் அசையாமல் இருந்து, கேட்டதற்கெல்லாம் அந்தக் குரலில் பதில் சொன்னாள். தலைமையாசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்த டாக்டர் பொண்ணேதான்! போன தடவை நான்தான் சரியா கவனிக்கலை."

நன்றி சொன்னேன்.

மார்ச் 3, திங்கள்
உதவி ஆசிரியை வர ஆரம்பித்துவிட்டார். நல்ல மாதிரி. மணி அடிக்கும் முன்பே குருவியை வெளியே அழைத்துப் போய்விடுகிறாராம். "ரொம்ப அமைதியான குழந்தை" என்று நோட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார்.

வீடு திரும்பியதும் குருவி என் எதிரே வந்து நின்றாள்.

"அம்மா, விளையாட்டு முடிஞ்சிருச்சா? இப்ப சிரிக்கலாமா?"

"முடிஞ்சிருச்சு. சிரிக்கலாம்" என்றேன். டாக்டர் பெண்ணின் குரல்தான் வந்தது.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரிக்காமல் கை கழுவப் போனாள்.