அண்ணன் வயல் வழியாக வரும் தண்ணீர்

பழுகாமம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கம்சாயினிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சோறு தண்ணிக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகனும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்கத் திரௌபதை அம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறதா, காதை மூடிப் பள்ளிக்கு அனுப்பு. நேற்று போனில் நீ கேட்டபோது ஒன்றும் இல்லை என்று சொன்னேன், அது பொய் மகள், அப்பா பக்கத்தில் இருந்தார். வருகிற புதன்கிழமை நான் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு நாளாக அடுப்பில் சோறு வைத்ததையே மறந்துவிடுகிறேன், குழைந்துபோனதைத்தான் அப்பாவும் வாய் திறக்காமல் சாப்பிடுகிறார்.

உனக்குப் பாதிதான் தெரியும், முதலிலிருந்து சொல்கிறேன். எனக்குச் சீதனமாகத் தந்த வயல் பள்ளத்தில், என் அண்ணன், உன் மாமா அழகரத்தினத்தின் வயல் மேட்டில். அவர் வரம்பில் இருக்கும் வக்கடையைத் திறந்துவிட்டால்தான் வாய்க்கால் தண்ணீர் நமக்கு வரும். முப்பத்திரண்டு வருஷம் வந்தது, அதற்கு ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. போன வருஷம் சிறுபோக விதைப்புக் கூட்டத்தில் அண்ணன் நம் தண்ணீர் முறையை ஒரு நாள் தள்ளிவைக்கக் கேட்டார். உன் அப்பாவுக்குத்தான் மூக்கு நுனியில் கோபமாயிற்றே, அத்தனை பேருக்கும் முன்னால் எங்கட தண்ணிக்கு நாள் குறிக்க நீ ஆர் என்று கேட்டுவிட்டார். மறுநாள் அண்ணன் வக்கடையை மண் போட்டு அடைத்துவிட்டார். வயல் தண்ணீரைப் பங்கிடும் வட்டை விதானை வந்து பேசினார், கோயில் வண்ணக்கர் வந்து பேசினார், அண்ணனும் அப்பாவும் இறங்கி வரவில்லை, பயிர் கதிர் தள்ளாமல் குடலையில் நின்று காயத் தொடங்கியது. காணி என் பெயரில் இருப்பதால் வழக்கும் என் பெயரில்தான் போட வேண்டும் என்றார் சட்டத்தரணி. கடதாசியைக் கண்டாலே அண்ணன் திறந்துவிடுவார் என்று நினைத்துக் கையெழுத்து வைத்தேன், என் புத்தியைப் பார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், நீதிமன்றம் இல்லாவிட்டால் அந்தப் போகம் பதராகத்தான் போயிருக்கும். ஊர் கூடி முடிக்காததை ஒரு கட்டளை ஒன்பது நாளில் முடித்தது, தண்ணீர் வந்தது, நெல்லும் வந்தது. ஆனால் அது தற்காலிகக் கட்டளை, எப்போதைக்குமான தீர்ப்புக்குத்தான் இப்போது என் சாட்சியம். இத்தனை வருஷமும் தண்ணீர் உரிமையாக வந்ததா, அண்ணன் தயவில் வந்ததா என்று அந்தப் பக்கத்தார் கேட்பார்களாம். தண்ணி அண்ணன் தந்தவர் எண்டு ஒரு சொல்லு உங்கட வாயில வந்தா வழக்கு அவ்வளவுதான் அம்மா என்று நம் சட்டத்தரணி மூன்று தரம் சொன்னார். இந்த வழக்குல வெண்டாத்தான் நம்மட மகள் ஆரிட்டயும் கெஞ்சாம இருக்கலாம் என்கிறார் அப்பா. அதுவும் நியாயம்தான்.

ஆனால் நீ கெம்பஸில் கடைசி வருஷம் படித்தபோது வந்த வறட்சியை நினைத்துப் பார். ஒரு வயலுக்குத்தான் தண்ணீர் காணும். அண்ணன் தன் வயலைக் காயவிட்டு முழுத் தண்ணீரையும் எனக்குத் திறந்துவிட்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அழுதேன். தங்கச்சிட வயல் வாடக்குள்ள என்ட வயல் விளைஞ்சி என்ன புள்ள என்றார். அந்த நெல்லில்தான் நீ படித்து முடித்தாய். இப்போது கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணி, அவர் முகத்துக்கு நேரே, எல்லாம் என் உரிமை என்று சொல்ல வேண்டுமாம். போன தவணையில் நீதிமன்ற வாங்கின் மறுமுனையில் இருந்தார், மெலிந்துவிட்டார், என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கண்ணை மூடினால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை கொண்டுவர அவரை விட்டால் எனக்கு ஆள் இல்லை. கோடி இல்லாமல் போகப் பயமாக இருக்கிறது. உள்ளதைச் சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தில் எப்படி முழிப்பது என்றும் பயம். உனக்குச் சேர வேண்டிய காணி தண்ணீர் இல்லாமல் சேர்ந்துவிடுமோ என்பது எல்லாவற்றையும் விடப் பெரிய பயம்.

நாளைக்குத் தபால் கந்தோரில் போட்டால் இது உன்னிடம் வர இரண்டு கிழமை ஆகும். அதற்குள் அண்ணன் தந்தவர் என்று நான் சொல்லி முடித்திருப்பேன். முன்பே தெரிந்தால் நீ வேண்டாம் என்பாய், நீ சொன்னால் நான் கேட்டுவிடுவேன். அம்மாவை மன்னித்துக்கொள் மகள்.

அம்மன் உங்கள் மூன்று பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். கடிதம் கிடைத்த உடனே அப்பாவுக்குப் போன் எடு, மறந்துவிடாதே. அவர் என்னோடு பேசாமல் இருப்பார்.

உன் அம்மா
அன்னப்பூரணி வினாயகமூர்த்தி