ஒரு சைஸ் பெரிய சைக்கிள்

கண்ணு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிக்கொள். முழங்கால் காயத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

மேடு பள்ளத்தில் ஓட்டுகிற அந்த மலை சைக்கிளை வாங்கும்போதே, "கால் சரியா எட்டலம்மா" என்று சொன்னாய். "வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிசாவே இருக்கட்டும்" என்று உன் வாயை அடைத்தவள் நான். அது என்ன கவுனா, மடித்துத் தைத்துவிட்டு வளர வளரப் பிரித்துவிட? மேட்டில் காலூன்ற முடியாமல் விழுந்து வந்தாய். அதற்கும் உன்னையே திட்டினேன். நேற்றிலிருந்து மனசு உறுத்துகிறது. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற தையல்காரி, பெற்ற மகளின் காலை அளக்கவில்லை.

கடைக்காரர் சின்ன பிரேம் உள்ள சைக்கிளாக மாற்றித் தருகிறாராம். உன் உயரமும், கவட்டிலிருந்து குதிகால் வரை உள்கால் அளவும் வேண்டுமாம். டேப் தையல் மெஷின் மேல் இருக்கிறது.

அம்மா

அப்பாவை அளக்கச் சொல். நான் அளந்தால், பழக்கதோஷத்தில் கை ஒரு இஞ்ச் கூட்டிவிடும்.