எலிக்குட்டிகளின் முக்கால் மணி நேரம்

மார்ச் 4

இன்று நாற்பது எலிகள். பாம்பு வளர்ப்பவர்கள் வாங்கிப்போகும் தீனி. உயிரோடு போட்டால் எலி திருப்பிக் கடித்துப் பாம்புக்கே புண்ணாகிவிடும் என்பதால், எங்கள் கடையில் கொன்று உறையவைத்துத்தான் விற்போம். கொல்வது என் வேலை. பெட்டியில் கார்பன் டை ஆக்சைடு வாயுவை முழுக்க நிரப்பி, எலிகளை உள்ளே போட்டு மூடிவிடுவேன். இழுத்தடிக்கக் கூடாது, சட்டென்று முடிந்துவிட வேண்டும். நாலு வருடமாக இதுதான் என் கொள்கை. "உங்க கை பதமான கைம்மா" என்பார் முதலாளி. கொல்வதில் என்ன பதமோ!

நாத்தனார் வந்து தங்கியிருக்கிறாள். என் வேலை "செல்லப்பிராணி உணவு பேக்கிங்" என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பொய்யில்லையே.

மார்ச் 6

பிறந்து ஒரே நாளான குட்டிகள் பதினைந்து. நேற்று பத்து நிமிடம் வாயுவில் வைத்து, பையில் வரிசையாக அடுக்கி, ஃப்ரீசரில் வைத்துப் பூட்டினேன். இன்று காலை ஒன்று வரிசையில் இல்லை. பையின் மூலையில் தனியாகக் கிடந்தது. சாவி என்னிடம்தான் இருக்கிறது. வேறு யாரும் தொட்டிருக்க முடியாது.

அப்படியென்றால்?

மார்ச் 7

முதலாளியிடம் சொன்னேன். "குளிர்ல அப்படியே தூங்கிப் போயிருக்கும், விடுங்கம்மா."

தூங்கிப்போன குட்டி எதற்கு மூலைக்கு நகர வேண்டும்?

மார்ச் 10

வீட்டில் உயிரோடு எலி போட்டுக் கடிபட்ட ஒரு வாடிக்கையாளரின் பாம்புக்கு மருந்து போடக் கால்நடை டாக்டரம்மா கடைக்கு வந்தார். அவர் பையை மூடும் நேரத்தில், அந்தக் குட்டி எப்படி நகர்ந்தது என்று கேட்டேவிட்டேன்.

"பொறந்த குட்டி மூச்சுக்காத்து இல்லாமலே ரொம்ப நேரம் தாங்கும்மா. சாகுறதுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். அதுக்கப்புறமும், செத்துடுச்சான்னு கையால உறுதி பண்ணாம ஃப்ரீசர்ல வைக்கவே கூடாது."

பெரிய எலிகளுக்கு நான் செய்வதையும் சொன்னேன். பையைத் திரும்பவும் கீழே வைத்தார். "முதல்லயே நிரப்பிட்டுப் போட்டா மூக்கு, தொண்டையெல்லாம் எரியும்மா. சோடா மூக்குல ஏறுமே, அதைவிட மோசமா. வெறும் பெட்டியில விட்டு, கொஞ்சம் கொஞ்சமா வாயுவைத் திறந்தா, எரிச்சல் பெருசாகுறதுக்குள்ள மயங்கிடும்."

உள்ளே விழுந்த உடனே எல்லாம் துள்ளும். பயத்தில் துள்ளுகின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வரும் வழியில் ஒரு சோடா வாங்கினேன். அடுக்களையில் அதைக் குலுக்கித் திறந்து, பீய்ச்சியடித்ததில் மூக்கை வைத்து இழுத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "என்ன அண்ணி, சோடாவைக் குடிக்காம மோந்து பாக்குறீங்க?" நாத்தனாருக்கு ஒரே சிரிப்பு.

நாலு வருடம். ஒரு நாளைக்கு நாற்பது. பெருக்கிப் பார்க்க மாட்டேன்.

மார்ச் 11

போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 12

"புடிக்கலேன்னா விட்டுடேன், நீ என்ன எழுதியா குடுத்திருக்க?" என்கிறார் என் கணவர். விடலாம்தான். விட்டால் யார் செய்வது? கடை வண்டி ஓட்டும் மீசைக்காரர். நேற்று அவர்தான் செய்திருக்கிறார். வாலைப் பிடித்துச் சுவரில் அடிப்பது அவர் வழி. "ஒரே அடி, தங்கச்சி. சோலி முடிஞ்சுது!" எப்போதும் ஒரே அடியில் முடிவதில்லை என்பது சுவரைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் கை கழுவினால் என் கைதான் சுத்தமாகும். எலிக்கு என்ன லாபம்?

மார்ச் 13

முதலாளியிடம் போய் நின்றேன். வாயுவை மெதுவாகத்தான் திறப்பேன், ஒரு தடவைக்கு ஐந்தாறுக்கு மேல் வைக்க மாட்டேன், குட்டிகளுக்கு முக்கால் மணி நேரம் வேண்டும் என்றேன்.

"அப்போ ஒரு நாளைக்கு எத்தனை முடியும்?"

"பாதி."

"பாம்பு திங்கப் போற எலிக்கு இவ்வளவு உபசாரமா?"

எனக்கு வந்த கோபத்தில் குரல் உடைந்துவிட்டது. "திங்கப் போறது செத்ததுக்கு அப்புறம் சார். நான் பேசுறது அதுக்கு முன்னாடி இருக்குற நேரத்தை!"

"ஒரு மாசம் பாக்கலாம்" என்றார் கடைசியில். பக்கத்து அறையில் போய் உட்கார்ந்தேன்.

மார்ச் 18

டாக்டரம்மா பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். எலிகளை வேறு பெட்டிக்கு மாற்றவே இல்லை. அவை இருந்த கூண்டுக்கே குழாய் வைத்த மூடி. வால்வைத் துளி துளியாகத் திறந்தேன். ஒன்று முகம் கழுவிக்கொண்டிருந்தது. கழுவிக்கொண்டே சாய்ந்துவிட்டது. எதுவும் துள்ளவில்லை.

நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இத்தனை நாளும் இப்படியே செய்திருக்கலாமே என்ற நினைப்புதான் மிச்சம்.

மார்ச் 21

இரவு சாப்பாட்டின்போது நாத்தனாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "பாவம் அண்ணி" என்றாள். என்னையா எலியையா என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 24

மீசைக்காரருக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்தேன். "நான் லீவு போட்டாலும் இப்படித்தான் செய்யணும் அண்ணே. மூச்சு நின்னப்புறமும் உடனே வால்வை மூடக் கூடாது. கூடவே இருந்து பாக்கணும்."

"எலிக்குத் தாலாட்டு வேற பாடணுமா தங்கச்சி?"

"நாலு வருஷமா நான் செஞ்சதும் கொடுமைதான் அண்ணே. தெரியாம செஞ்சேன். இப்போ உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு."

மீசையைத் தடவினார். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 2

மூன்று நாளாகக் காய்ச்சல். எழுந்திருக்கவே முடியவில்லை. இன்று குட்டிகள் நாள். பதினோரு மணிக்குக் கடைக்குப் போன் போட்டேன். மீசைக்காரர் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. சுவர்தான் கண்முன் வந்தது. முதலாளியைக் கூப்பிடலாமா, கூப்பிட்டு என்ன கேட்பது?

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மீசைக்காரரே கூப்பிட்டார்.

"போன் முன்பக்க மேசையில கெடந்துச்சு தங்கச்சி. நான் குட்டிங்க பெட்டிகிட்ட உக்காந்திருந்தேன். நடுவுல எந்திரிச்சு வரக் கூடாதுல்ல?"

சரி அண்ணே என்றேன். போனை வைத்தபோது கன்னமெல்லாம் ஈரம். கணவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இறங்கி வேர்க்கிறது என்று சொல்லித் துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.