நிலத்துக் குழாய் யார் பொறுப்பு

ஏவன்டேல்,
ஒக்லாந்து.
6.10.1985

அன்புள்ள மகள் கௌரிக்கு,

நாங்கள் இருவரும் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மருமகனும் சின்னவனும் அந்தச் சாம்பியா வெயிலில் நோய்நொடி அண்டாமல் இருக்கவேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டபடிதான் இதை எழுதுகிறேன். மார்கழி லீவுக்கு மூன்று பேரும் வருகிறீர்கள் என்ற உன் கடிதம் வந்த அன்றே அப்பா எங்கள் கரவன் வண்டிவீட்டோடு ஒட்டிக் கட்டின அறைக்குப் பெயின்ற் அடிக்கத் தொடங்கிவிட்டார். பேரனுக்கு நீலம் பிடிக்குமா பச்சை பிடிக்குமா என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல, நானும் அவனைப் படத்தில் பார்த்ததோடு சரி. அந்த அறையில் நீங்கள் வந்து நிற்பதற்கு வழி இருக்கிறதா என்பதுதான் இப்போது கதை. அதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இங்கே கரவன் எங்களுடையது, அது நிற்கிற நிலம் வாடகைக்கு எடுத்தது, அது உனக்குத் தெரியும். நாங்கள் வந்தபோது காணிக்காரன் சொன்னது, நிலத்துக்குள் ஓடுகிற தண்ணீர்க் குழாயும் கரண்ட் வயரும் தன்னுடைய பொறுப்பு, வாசலில் நட்டிருக்கிற கட்டையிலிருந்து கரவனுக்குள் வருவது எங்கள் பொறுப்பு என்று. எல்லாம் வாய்ப்பேச்சு. எழுதித் தரச் சொல்லுங்கள் என்று நான் சொன்னேன், எழுத்தில் கேட்டால் தன்னை நம்பவில்லை என்று அந்த மனிதன் நினைப்பானாம், அப்பா கேட்கவில்லை. போன வருடம் ஆனந்தராசாவின் தாயார் கிளென்ஃபீல்டில் தவறினது உனக்கு எழுதினேன். செத்த வீட்டுக்குப் போன காலோடு உள்ளே ஏற எனக்கு மனம் வரவில்லை. உள்ளே ஏறித்தான் குளிக்கவேண்டும் என்றால் பிறகு குளித்து என்ன பிரயோசனம். இந்த ஊர் ஆடி மாதக் குளிரில், மழைக்குள் வெளியே நின்றேன், பக்கத்துக் கரவனில் இருக்கிற பீஜிக்காரி லச்மி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். அடுத்த கிழமை அப்பா அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் குழாயில் ஒரு பொருத்து வைத்து வெளியே நின்று திறந்து குளிக்க ஒரு பைப் பூட்டித் தந்தார். கேட்டது நான்தான், இன்றைக்கும் கேட்பேன். காணிக்காரனுக்கு அது தெரியாமலும் இல்லை, இந்தப் பக்கம் வருகிற நேரமெல்லாம் அந்தப் பைப்பிலேதான் கை கழுவினான்.

போன மாதம் தண்ணீர் நூலாக வரத் தொடங்கி ஒருநாள் அடியோடு நின்றுவிட்டது. நிலத்துக்குள் எங்கோ குழாய் உடைந்து வளவெல்லாம் சேறு. அப்பா போய்ச் சொன்னார். காணிக்காரன் வந்தான், சேற்றைப் பார்க்கவில்லை, நேரே என்னுடைய பைப்பைப் பார்த்தான். நீங்கள் என் குழாயில் கை வைத்துவிட்டீர்கள், இனி தெரு வரைக்கும் போகிற குழாய் முழுக்க உங்கள் பொறுப்பு, நீங்களே திருத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அப்பா அவனுக்குப் பின்னால் போய்ப் போய் சொறி, சொறி என்று மன்னிப்புக் கேட்டார். லச்மிதான் தன்னுடைய தமிழில், நீங்க ஒண்ணும் ஒத்துக்காதீங்க அக்கா என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் வீட்டுத் தண்ணீரில்தான் உலை வைத்தோம்.

சரி, எங்கள் ஆட்களில் இங்கிலீஷ் பேசக்கூடிய பெரிய மனிதர் ஒருவர் கதைத்தால் கேட்பான் என்று எப்சத்திலிருந்து இரத்தினசிங்கத்தாரைக் கூப்பிட்டோம். இங்கே யாருக்கு என்ன பிணக்கு வந்தாலும் அவரிடம்தானே ஓடுகிறோம். சேறு படும் என்று சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து தேத்தண்ணீர் குடித்தார். பிறகு காணிக்காரனோடு வெளியே நின்று சிரித்துச் சிரித்துக் கதைத்தார். என்ன நல்ல செய்தியோ என்று நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னார், “அண்ணை, ஒரு சின்னப் பிழைதானே, ஒத்துக்கொண்டு விடுங்கோ. நாளைக்கு எங்கட ஆக்களுக்கு ஒருத்தனும் இடம் தரமாட்டான்.” எங்களுக்குத் தண்ணீர் இல்லை என்பது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அப்பா எழும்பிப் போய், எல்லாம் எங்கள் பொறுப்புத்தான் என்று காணிக்காரனிடம் சொல்லிவிட்டு வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு நான் அவருக்குச் சாப்பாடு போடவில்லை. அவராகவே போட்டுச் சாப்பிட்டார், அதுகூட என்னிடம் கேட்கவில்லை.

பிறகு சனி ஞாயிறு இரண்டு நாளும் மண்வெட்டியோடு நின்றார். இடுப்பு வளையாமல் நாரிப்பிடிப்பு இருக்கிற மனிதன், வேண்டாம் என்றால் கேட்டால்தானே. எங்கள் பைப் இருக்கிற இடத்தைத்தான் முதலில் கிண்டினார். அவர் வைத்த பொருத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, சுற்றிவர மண் காய்ந்து கிடந்தது. ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கிண்டிக் கிண்டிப் போய்க் கடைசியில் காணிக்காரனின் லொறி ஏறி இறங்குகிற பாதைக்குக் கீழேதான் உடைவு, பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து நசிந்து கிடந்தது. அவனை நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். ஆள் வைத்துத் திருத்தினான், தண்ணீர் வந்தது. அப்பா அவனுக்கு நன்றி சொன்னார் கௌரி, நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மூன்றாம் நாள் வந்து, கேளாமல் என் பாதையைக் கிண்டியிருக்கிறீர்கள், கார்த்திகை முடிய இடத்தை விடவேண்டும் என்கிறான். கரவனைக் கொண்டுபோக முடியாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், சில்லு எல்லாம் கழற்றி அறையும் கட்டியாகிவிட்டது. அப்படியே விட்டுவிட்டுப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். போன கிழமை ஒரு இளம் சோடியைக் கூட்டிவந்து, நான் உள்ளே கறி காய்ச்சிக்கொண்டு நிற்கும்போதே அந்தப் புதுப் பெயின்ற் அடித்த அறையைக் காட்டினான். இரத்தினசிங்கத்தாருக்கு ரெலிபோன் எடுத்தால், “அவசரப்பட்டுக் கிண்டினது உங்கட பிழை, நீங்களே எல்லாம் உங்கட பொறுப்பு எண்டு சொன்ன பிறகு நான் என்ன கதைக்கிறது” என்கிறார். அவருடைய வாயை நம்பினதற்கு எங்களுக்கு இது வேண்டும்.

இங்கே எங்கள் ஆட்களில் சற்குணம் என்பவர் தன்னுடைய வீட்டில் கார் விடுகிற கராஜைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு கட்டில் போட்டால் நடக்க இடம் இராது. ஆகையால் மார்கழியில் நீ வராதே மகள். மருமகன் வந்து நிற்கிற இடம் அதுவல்ல. பிளேன் ரிக்கற்றை லண்டனுக்கு மாற்றி மாமியாரிடம் போய் நில், அவவும் பேரனைப் பார்க்கட்டும். நீங்களும் சாம்பியாவில் வாடகை வீட்டில்தானே இருக்கிறீர்கள், வீட்டுக்காரன் என்ன சொன்னாலும் அவன் முகம் சுருங்கிவிடும் என்று பார்த்துக்கொண்டு இராதே. சின்னவனுக்குக் கொதித்தாறின தண்ணீரே கொடு. மலேரியாக் குளிசையை மறக்காதே.

ஒன்றை மட்டும் மறவாமல் செய். நான் உன்னை வரவேண்டாம் என்று எழுதினது அப்பாவுக்குத் தெரியாது, எப்படியாவது சமாளிக்கலாம் என்று இன்னும் பேரனுக்குக் கட்டில் தேடிக்கொண்டு திரிகிறார். மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை, எங்களால் வரமுடியவில்லை, எங்களை மன்னித்துக்கொள்ளுங்கோ அப்பா என்று அவருடைய பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. இதையும் தன்னுடைய பிழை என்று அந்த மனிதன் ஒத்துக்கொள்வதற்கு முன்பே போடு.

மூன்று பேரும் நீடூழி வாழவேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அம்மா
அன்னபாக்கியம்