அடுப்புக்கும் ஒரு முறை

அக்டோபர் 9
சக்கரம் சுற்றிவிட்டது! எங்கள் ஓடைத் தண்ணீரிலேயே மின்சாரம்! நாரின் நகரிலிருந்து வரும் மின்கம்பி எங்கள் ஊருக்குப் போதவில்லை. இரண்டு வருடத்தில் வீட்டுக்கு வீடு சமைக்கவும் குளிர்காயவும் மின்சார அடுப்பு வாங்கிவிட்டோமே. சக்கரத்தை ஓட்டுவது என் கணவர் எர்மெக். எந்த வீட்டுக்கு எவ்வளவு என்ற கணக்கு, பள்ளியில் கணக்கு டீச்சரான என் பொறுப்பு.

பக்கத்து வீட்டு சாதிர் அண்ணன் குதிரையேறி "சுயுன்சு! சுயுன்சு!" என்று தெருத்தெருவாகக் கத்தினார். சுயுன்சு என்று நல்ல சேதி சொன்னவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே. ஒரு சால்வை, ஒரு தொப்பி, ஒரு வாளி உருளைக்கிழங்கு தேறியது அவருக்கு. சேதி கேட்ட அறுபது வீடும் அடுப்பைப் போட்டது. ஏழே நிமிடம். இருட்டு.

அக்டோபர் 10
நேற்று நானும் அடுப்பைப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 12
மாவட்டக் குழு 25ஆம் தேதி மாலை வருகிறதாம். மின்சாரம் மூன்று மணி நேரம் தொடர்ந்து வராவிட்டால் இயந்திரம் அடுத்த ஊருக்கு. ஐயோ! கடையில் ஒருத்தி, "கணக்கு டீச்சருக்கு அறுபதைக் கூட்டத் தெரியலையே!" என்றாள். அழுகையாக வந்தது. அடுத்து சாதிர் அண்ணன், உருளைக்கிழங்கு கொடுத்தவரிடம் மாட்டினார். "உருளைக்கிழங்கைத் திருப்பிக் குடுய்யா!"
"குடுக்கறேன். கரண்ட் போச்சு, வேகவே இல்ல!"
சிரித்துவிட்டேன்.

அக்டோபர் 15
இன்று ஊர் ஆடுகளை மேய்க்க எங்கள் முறை. எர்மெக் முனகிக்கொண்டே கிளம்பினார். ஆனால் கிளம்பினார்! இந்த ஊரில் எதற்கும் சண்டை வரும், ஆட்டு முறைக்கு மட்டும் வராது. அப்படியானால் — அதே வரிசையில் அடுப்பையும் வைத்தால்? மாலையில் இருபது வீட்டில் எரியட்டும், நாற்பது வீட்டில் அணையட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறட்டும். நான் ஏன் இதை முதலிலேயே யோசிக்கவில்லை? வாசலில் ஒரு ஆட்டம் போட்டேன். மேய்ந்து திரும்பிய ஆடுகள் பார்த்தன.

அக்டோபர் 17
அடுப்பு முறையைச் சொல்லப் போனது அறுபது வீடு, குடித்தது அறுபது கோப்பை தேநீர். வயிறு குடமாகிவிட்டது.
"ஆடு வேற, அடுப்பு வேறம்மா," என்றார் சாதிர் அண்ணன்.
"கவனிக்காம விட்டா ரெண்டுமே கைவிட்டுப் போயிடும் அண்ணே."

அக்டோபர் 25
எங்கள் அடுப்பு அணைந்திருக்கும் மணி. கோட்டைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். மூன்று மணி நேரம் தாண்டிவிட்டது. விளக்கு அசையவில்லை!

கதவோரம் சாதிர் அண்ணன். கத்தவில்லை, கிசுகிசுத்தார். "சுயுன்சு. குழுக்காரங்க கையெழுத்துப் போட்டுட்டாங்க."

குதித்தேன். பரிசாக என் அடுப்பையே தூக்கிக் கொடுத்தேன்.

"எனக்கெதுக்கும்மா? எனக்கும் இப்ப அணைக்கற முறைதானே."

"அண்ணே, அன்னிக்கு நானும் போட்டேன்."

"தெரியும். குதிரையில வரும்போது பாத்தேன். உன் ஜன்னல்தான் முதல்ல சிவந்துச்சு."