சின்னம்மாவிடம் நான் கேட்ட சர்டிபிகேட்

என் அன்புச் சின்னம்மாவுக்கு,

உங்கள் பேத்தி யாழினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு சுங்கை ஊடாங்கில் வேலை. நல்ல பையன். நீங்கள் பார்த்திருந்தால் முதல் வேலையாகச் சோற்றைப் போட்டு உட்கார வைத்திருப்பீர்கள். அம்மா போன பிறகு என்னை எடுத்து வளர்த்தவர் நீங்கள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? இந்தச் செய்தியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது, சின்னம்மா.

போன மாதம் இரண்டு பேரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கோயில் கல்யாணம் தை மாதம்தான். அதற்குள் வாடகை வீடு பார்த்தாயிற்று, சேர்ந்து குடிபோகிறோம் என்றாள். எனக்கு வந்ததே கோபம்!

"தாலி ஏறாம என்னடி குடித்தனம்? கையெழுத்துப் போட்டா கல்யாணமா?" என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "ஏம்மா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில சின்னப் பாட்டிகிட்ட சர்டிபிகேட் எங்கன்னு கேட்டீங்களே. அவங்க கழுத்துல தாலி இருந்துச்சு லா. உங்களுக்கு எதுதாம்மா கல்யாணம்?"

அன்று அவளுக்குப் பதினோரு வயது. மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்பா இறந்த காலை அது. கவுண்டரில் இருந்த பெண், மனைவி யார் என்று கேட்டாள். நீங்கள் ஐ.சி. அடையாள அட்டையை எடுத்து நீட்டினீர்கள். என் மாமியார் பக்கத்தில் நின்றார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கையும் வெளுத்த சேலையுமாக நின்ற உங்களை அப்பாவின் மனைவி என்று அவர் முன்னால் சொல்ல எனக்குக் கூச்சம். "உங்ககிட்ட கல்யாண சர்டிபிகேட் இருக்கா? இல்லல்ல? அப்ப சும்மா இருங்க" என்றேன். நீங்கள் ஐ.சி.யைத் திரும்பப் பர்சுக்குள் வைத்தீர்கள்.

பெரிய சட்டம் பேசிவிட்டேன்! என்னைப் பெற்றவளிடம் மட்டும் சர்டிபிகேட் இருந்ததா? எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் அப்பா தாலி கட்டினார், லயத்துச் சனமெல்லாம் சாப்பிட்டது, அது கல்யாணம். அப்பாவின் தாத்தா காலத்தில் கங்காணி முன்னால் சேலை கொடுத்தாலே போதுமாம். அம்மா போன பிறகு அதே கோயிலில் அதே அப்பா உங்களுக்கும் கட்டினார். இடையில் சட்டம் மாறி, பதிந்தால்தான் செல்லும் என்றாகிவிட்டது. எஸ்டேட்டில் அது யாருக்குத் தெரியும்? உங்கள் கைச்சோற்றில் படித்து ஆபீசில் உட்கார்ந்த எனக்குத் தெரியும். ஒருநாள் இரண்டு பேரையும் அழைத்துப்போய்ப் பதிந்து வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கருமாதி அன்று உங்கள் தாலியைக் கழற்ற நான் யாரையும் கூப்பிடவில்லை. கழற்றினால் நீங்கள் மனைவி என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டதாகிவிடுமே! புக்கிட் பெருவாங்கில் என் வீட்டு வாசலில், துக்கத்துக்கு வந்த பெண்களில் ஒருத்தியாக உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறிப் போனீர்கள். எஸ்டேட்டுக்குப் போய் அதை யார் கழற்றினார்கள்? நீங்களேயா? கேட்க எனக்கு முகம் இல்லை. பிறகு நீங்களும் போய்விட்டீர்கள்.

யாரிடம் எது இல்லையோ அதையே பார்த்துக் கேட்டிருக்கிறேன். சீ! யாழினியைக் குடிபோகச் சொல்லிவிட்டேன்.

நேற்று கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்தேன். அப்பா பெயருக்குப் பக்கத்தில் அம்மா பெயரோடு உங்கள் பெயரையும் எழுதியிருந்தேன். கடைக்காரத் தம்பி பார்த்துவிட்டு, "என்னக்கா, ரெண்டு பேரு இருக்கு? இவங்க யாரு?" என்றான்.

"எங்கப்பாவோட சம்சாரம்" என்றேன்.

காருக்குள் வந்து உட்கார்ந்து அழுதேன். கடைக்காரனிடம் யாரும் சொல்லலாம். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லையே நான்.

என் மாமியார் இன்னும் இருக்கிறார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகையை ஒவ்வொரு வரியாகப் படிப்பார். உங்கள் பெயரில் விரலை வைத்து, இது யார் என்று கேட்பார். அவர் முகத்தைப் பார்த்து அதே பதிலைச் சொல்லுவேன், சின்னம்மா. இது சத்தியம்.

உங்கள் ஒரே மகள்,
கலாவதி