சிரட்டையில் பூத்த மஞ்சள் வாண்டா

மே 9, சனி.

மாலையில் மாரியம்மாள் வீட்டுக்கு வந்தாள். வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை, அதில் ஓர் ஆர்க்கிட் செடி, நான்கு பூக்கள்.

"டீச்சர், சாம்பக் கலர்ல பூக்கும்னு சொன்னீக. இது மஞ்சளால்ல பூத்திருக்கு!" என்று சிரித்தாள்.

டிசம்பரில் அந்தக் கம்பெனி ஒரு புளியமரத்தை வெட்ட நினைத்தது. மரத்தில் தொற்றியிருந்த ஆர்க்கிட் அரியதல்ல என்று, நான் தாவரவியல் கற்பிக்கும் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். பூ இல்லாத காலம். இந்தப் பக்கம் வாண்டா வகை ஆர்க்கிட் என்றால் டெஸ்ஸலாட்டாதான், சாம்பலில் கட்டம் போட்ட பெரிய பூ. கீழே நின்றே இலையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். வாண்டாவிலேயே இன்னொன்றான டெஸ்டேசியாவின் இலை சற்று ஒடுங்கியிருக்கும், பூ சிறியது, மஞ்சள். இந்த மாவட்டத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. ஓர் ஏணி கேட்டிருக்கலாம். பூக்கும் வரை பொறுக்கச் சொல்லியிருக்கலாம். பூவைப் பார்க்காமல் பெயர் எழுதும் மாணவிகளுக்கு நான் பூஜ்யம் போடுகிறவள்.

"மரத்தில் இன்னும் இருந்ததா?" என்று கேட்டேன்.

"அம்புட்டுக் கெளையிலயும் இருந்துச்சு டீச்சர். வெறகோட வெறகா எரிஞ்சு போச்சு. நாந்தான் ஒண்ணப் பிச்சு வச்சேன். இதுக்கு என்ன பேரு?"

புத்தகம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவள் வாசலில் நின்றபோதே அதன் பெயர் எனக்குத் தெரிந்துவிட்டது.